இரண்டு விசில்

எங்கள் பக்கத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். சாத்துக்குடிப் பையைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டு, முகத்தை அவருக்குக் கிட்டே கொண்டுபோய், "என்னைத் தெரியுதா?" என்பார்கள். தெரிந்துவிட்டால் மூளைக்கு ஒன்றுமில்லை, ஆள் தப்பித்தார். தெரியாவிட்டால் வாசலுக்கு வந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சாமியைத் திட்டுவார்கள்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு எல்லாரையும் தெரிந்தது. அரும்பாவூரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பியை, அவன் கல்யாணச் சாம்பாரில் உப்புக் கூடிப்போனது வரைக்கும் சொல்லி அடையாளம் காட்டினார். வந்தவர்களுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மூளை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குச் சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. மூளை என்றால் ஞாபகம், ஞாபகம் என்றால் மூளை. அதற்கு மேல் அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் ஏன் யோசிக்கப் போகிறேன்?

நானும் அவரும் ஒரே பஸ்ஸில் வேலை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ். அவர் டிரைவர், நான் கண்டக்டர். பெரம்பலூரில் ரயில் கிடையாது, பஸ்ஸை விட்டால் ஜனங்களுக்கு வேறு நாதி இல்லை, அதனால் எங்களுக்குக் கூட்டத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேல். அவர் அதற்கு நேர் எதிர். பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும், இது ஊருக்கே தெரியும். ஆனால் நான் இரண்டு அடித்தாலும் அவர் உடனே எடுக்க மாட்டார். பக்கக் கண்ணாடியை ஒரு தரம் பார்ப்பார். வெங்காய மூட்டையோடு ஒரு பெண் ஓடி வந்தால் நிற்பார். படியில் ஒரு கால் தொங்கினால் நிற்பார். பின்னால் இருந்து நான் தொண்டை கிழியக் கத்துவேன். "ஏறட்டும் மாப்ள, என்ன அவசரம்" என்பார். அவருடைய இந்த நிதானத்தால் எனக்கு எத்தனை நாள் ரத்தம் கொதித்திருக்கிறது!

விபத்து பஸ்ஸில் நடக்கவில்லை. வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, ரோட்டில் பாதி தூரத்துக்குக் காயப் போட்டிருந்த மக்காச்சோளத்தில் வண்டி வழுக்கிவிட்டது. ஹெல்மெட் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எல்லா ஹெல்மெட்டும் எங்கே இருக்குமோ அங்கே, பெட்ரோல் டேங்க் மேல். நெற்றி போய் மைல் கல்லில் இடித்தது. திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண் திறக்கவே பல நாள் ஆனது. பிறகு பேசினார், எழுந்தார், நடந்தார். நெற்றியில் ஒரு தழும்போடு சொந்தக் காலில் நடந்து வீட்டுக்கு வந்தார். அக்கா கோயில் கோயிலாகப் போய் நேர்த்திக்கடனைத் தீர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. சீப்பு கண்ணில் பட்டால் எடுத்துத் தலை வாருவார். வைத்த இடத்தில் அது மறுபடி கண்ணில் பட்டால் மறுபடி வாருவார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கென்று வாங்கி வைத்த காபியை எடுத்துக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்பார். துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தோடு உட்கார்ந்திருந்த என் பெரியம்மாவைப் பார்த்து, உன் மூக்கில் முடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து பெரியம்மா முன்னால் உட்காரவே கூச்சப்படுகிற மனிதர் அவர். பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், ஆனால் அன்று சாயங்காலமே சீப்பை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

ஒருநாள் நான் அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது அவர் எதிரே பைக்கில் வந்துகொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வண்டியைத் தொடக் கூடாது என்று அத்தனை பேரும் சொல்லியிருந்தோம். அவரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார். குறுக்கே போய் நின்று வண்டியைப் பிடித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல மாப்ள. ஆணியில சாவி தொங்கிச்சு" என்றார்.

பொய் சொல்கிற முகம் இல்லை அது. சமாளிக்கிற முகமும் இல்லை. சாவி இருந்தது, எடுத்தார், வண்டி இருந்தது, ஏறினார். அவ்வளவுதான் அவருக்கு. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்று அக்காவிடம் ஒற்றைக் காலில் நின்றேன்.

வாரத்தில் ஒருநாள் திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு வந்து பார்க்கிற மூளை நரம்பு டாக்டரம்மா ஒருவர் இருந்தார். சின்ன வயதுதான், ஆனால் அவசரப்படாதவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நெற்றி எலும்புக்குப் பின்னால், கண்குழிகளுக்கு நேர் மேலே, சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கண்குழிக்கு மேலே உள்ள எலும்பு உள்பக்கம் வழவழப்பாக இருக்காது, பூசாத தரை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும் என்றார். வேகமாகப் போகிற தலை சட்டென்று நின்றால் மூளை முன்னால் நகர்ந்து அதில் உரசிக்கொள்ளும். அந்த உரசல் ஆறிய தழும்புதான் இது.

கை காலை அசைக்கிற இடம் உச்சந்தலையில் ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரைக்கும் பட்டையாக ஓடுகிறது, அதற்கு ஒன்றும் இல்லை. பேச்சு பெரும்பாலும் இடது பக்கம், அதற்கும் ஒன்றும் இல்லை. புது ஞாபகம் பதிகிற இடம் காதுக்கு உள்ளே ஆழத்தில், அதுவும் நன்றாகவே இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக விரலால் காட்டிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாமே நன்றாக இருக்கிறதென்றால் அப்புறம் அந்த நெற்றிப் பக்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

தனியாக ஒரு வேலை என்று சொல்ல முடியாது என்றார். மற்ற எல்லா இடத்துக்கும் அங்கிருந்து இழைகள் போகின்றன, எல்லா இடத்திலிருந்தும் அங்கே வருகின்றன. அதிலும் ஒரே வேலை இல்லை. நெற்றியின் வெளிப்பக்கம் ஒரு விதியை மனசில் பிடித்து வைத்துக்கொள்ளும், எதற்கு அடுத்து எது என்று வரிசை போடும். இரண்டு பாதிக்கும் நடுவே உள்ள பக்கம், எழுந்து ஒரு காரியத்தை ஆரம்பிக்க வைக்கும். கண்ணுக்கு மேலே உள்ள அடிப்பக்கம், நீளுகிற கையைப் பிடித்து நிறுத்தும், வாய்க்கு வந்ததை விழுங்க வைக்கும். இவருக்கு அடி அந்த அடிப்பக்கத்தில். தழும்பு இத்தனை பெரிது, அதனால் ஆள் இப்படித்தான் இருப்பார் என்று படத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது, இதைவிடப் பெரிய தழும்போடு ஒழுங்காக இருப்பவர்களும் உண்டு, அதனால்தான் ஆளையே பார்த்துச் சோதிக்க வேண்டும் என்றார். அப்புறம், எஞ்சின் கியர் எல்லாம் சரியாக இருக்கிற பஸ்ஸில் பிரேக் மட்டும் இல்லாத மாதிரி என்று எனக்குப் புரியவைக்கப் பார்த்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கண்டக்டர் வந்தால் பஸ், விவசாயி வந்தால் மாடு, இவர்களுக்கு இதே வேலை.

சோதனை ரொம்பச் சின்னது. மேஜை மேல் பேனாவால் ஒரு தட்டுத் தட்டினால் அவரும் ஒன்று தட்ட வேண்டும். இரண்டு தட்டினால் கையை அசைக்கக் கூடாது. திருப்பிச் சொல்லச் சொன்னார். மாமா தெளிவாகத் திருப்பிச் சொன்னார். டாக்டரம்மா ஒன்று தட்டினார், மாமா தட்டினார். இரண்டு தட்டினார், மாமா தட்டினார். மறுபடி இரண்டு, மறுபடியும் தட்டினார். எத்தனை முறை செய்தாலும் இரண்டுக்குக் கை நிற்கவில்லை. அக்காவின் முகம் செத்துப்போனது.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "மேடம், அவரு டிரைவரு. ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா ரைட். ஆயுசு பூரா ரெண்டு கேட்டு வண்டி எடுத்தவரை ரெண்டுக்கு சும்மா இருன்னா எப்படி இருப்பாரு?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இது எனக்குத் தோன்றவில்லையே என்று ஒப்புக்கொண்டார். சோதனையைத் தலைகீழாக மாற்றினார். இப்போது ஒன்றுக்குச் சும்மா இருக்க வேண்டும், இரண்டுக்குத் தட்ட வேண்டும். மாமா ஒரு தப்புக்கூடப் பண்ணவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முடித்தார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதைத்தான் நானும் சொல்றேன். பழக்கம் சொல்றதைச் செய்ய அந்த இடம் தேவையில்லை. பழக்கத்தை நிறுத்தறதுக்குத்தான் அது வேணும்" என்றார். வண்டி ஓட்ட வேண்டாம், கொஞ்ச மாதம் போகட்டும், திரும்பச் சோதித்துப் பார்க்கலாம், பயிற்சி கொடுத்தால் ஓரளவு தேறுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று தெளிவாகவே சொன்னார். எங்கள் இருவர் காதிலும் அது விழுந்தது. ஆனால் வெளியே வந்ததும் அக்கா போனில் மூன்று ஊருக்குச் சொன்ன செய்தி, அவர் பாஸ் பண்ணிவிட்டார் என்பது. டாக்டருக்கே தெரியாததைத் தம்பி சொல்லிக் கொடுத்தான் என்று என்னையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது.

முதலாளி நல்ல மனிதர். மாமா படுத்த நாளிலிருந்து அந்த வேலையை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருந்தார். டாக்டர் சொன்னதை நான் சொன்னதும், டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், நாமே ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்றார். ஒருநாள் அரியலூர் வரைக்கும் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. முதலாளி முன் சீட்டில், நான் பின் படியில், விசில் வாயில்.

மாமா அருமையாக ஓட்டினார். சுண்ணாம்புக்கல் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு குறுக்கே திரும்பியபோது அழகாக வேகத்தைக் குறைத்தார். வளைவில் ஹாரன், ஊருக்குள் நிதானம், எதிலும் குறை சொல்ல முடியவில்லை. வழக்கமான ஆபத்துக்கெல்லாம் அவர் கால் வழக்கம்போலவே பதில் சொன்னது. வழியில் கைகாட்டியவர்களை ஏற்றிக்கொள்ளச் சொன்னார் முதலாளி. ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் முதல் படியில் கால் வைக்கிற நேரத்தில், அவள் ஏறிவிட்டாள் என்று நினைத்து நான் இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். வாயிலிருந்து விசில் இறங்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவள் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டு ஒரு விசில் அடித்தேன். பஸ் உடனே நின்றது. அந்தப் பெண் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். முன்னாலெல்லாம் எடுக்க மசமசவென்று நேரம் ஆக்குவார், இப்போது டாண் என்று எடுக்கிறாரே என்றார். இறங்கும்போது என் தோளில் கை வைத்தார். "கூட ஓடுறவன் நீ. நீ சரின்னா எனக்குச் சரி. திங்கக்கெழமையிலேர்ந்து வரட்டும்" என்றார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்தும்கூட எடுத்தார் என்றால் அது இன்னும் பயங்கரம். இத்தனை வருஷமாக என் அவசரத்துக்கும் ஜனங்களின் உயிருக்கும் நடுவே அவருடைய அந்த ஒரு நொடித் தயக்கம் இருந்தது. இப்போது என் வாயில் இருக்கிற விசில் நேராக அவர் காலில் போய் முடிகிறது. நான் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இருந்தால்? ஊரில் வேறு எவனாவது விசில் அடித்தால்?

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், திங்கட்கிழமை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் முதலில் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தப்பு உன் விசிலில்தானே என்றாள். அது நியாயமும்கூட. நான் விடாமல் பேசினேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வூட்டுல வச்சுக்கிட்டு நான் படுற பாடு உனக்குத் தெரியுமாடா? எதைக் கண்டாலும் எடுக்குறாரு, யாரைக் கண்டாலும் பேசுறாரு. ராத்திரி பகலா கண்கொத்திப் பாம்பா நான் பின்னாலயே சுத்துறேன். அந்த சீட்டுல உக்காந்தப்பத்தான் அவரு பழைய மனுசனா இருந்தாருன்னு மொதலாளியே சொல்றாரு. அதையும் புடுங்கிட்டா எனக்கு என்னடா மிச்சம்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அந்தச் சீட்டில் எல்லாமே பழக்கம், அதனால் அங்கே அவர் முழு ஆளாகத் தெரிந்தார். வீட்டில் ஒவ்வொரு நிமிஷமும் எதையாவது வேண்டாம் என்று விட வேண்டியிருக்கிறது, அதனால் அங்கே உடைந்து தெரிந்தார். சரி, நானே அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன், ஜாக்கிரதையாக விசில் அடிக்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். நடக்காது. அவர் கண்ணுக்கு முன்னால் தெரிகிற ரோடு பின் படியில் நிற்கிற எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குப் பூஜை வைத்திருந்தார் முதலாளி. பூஜை முடியட்டும், தனியாகக் கூட்டிப் போய் முடியாது என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அக்கா என்னோடு ஜென்மத்துக்கும் பேசாமல் போனாலும் சரி.

பெரம்பலூருக்கு வெளியே இருக்கிற பஸ் ஷெட்டில் பூஜை. எங்கள் பஸ்ஸைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு பஸ்ஸை எண்ணெய் மாற்ற எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கியில் வந்திருந்தார். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள், அவள் முகத்தில் அத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அதைப் பார்க்கப் பார்க்க நான் சொல்ல வேண்டிய வார்த்தை கனத்துக்கொண்டே போனது.

சாயங்காலம் ராகு காலம் பிறப்பதற்குள் வண்டியை நகர்த்திவிட வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். மாமா ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். தேங்காய் உடைத்தாகிவிட்டது, பூசணிக்காய் சுற்றியாகிவிட்டது. அப்போதுதான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அக்கா ஓடிப்போய் ஒவ்வொரு டயராக வைத்துக்கொண்டு வந்தாள். கடைசியாக டிரைவர் பக்கத்து முன் டயர். மாமாவின் ஜன்னலுக்கு நேர் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நான் உள்ளே எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடிக்கு மேல் மாலை கட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, அக்கா கீழ பழம் வைக்குது. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றேன்.

அவர் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். உன் அக்கா பழம் வைக்கிறாள், நீ சொல்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன் என்று அப்படியே திருப்பிச் சொன்னார்.

பக்கத்து பஸ்ஸின் கண்டக்டர் தன் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி இரண்டு விசில் அடித்தார்.

மாமாவின் இடது கால் கிளட்சுக்குப் போனது. கை கியருக்குப் போனது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் கை நிற்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, ரொம்ப நிதானமாக, "எடுக்கக் கூடாதுன்னு சொன்னியே மாப்ள" என்றார். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் கிளட்சை விட்டது. பஸ் நகர்ந்தது. நான் மாலையோடு அவர் மேலேயே விழுந்து சாவியைத் திருப்பினேன். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

நான் எப்படி இறங்கிச் சுற்றி ஓடினேன் என்று தெரியவில்லை. அக்கா தரையில் மல்லாக்கச் சாய்ந்து இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டிருந்தாள். உயிர் இருந்தது. கை கால் இருந்தது. டயர் அவள் விரலுக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கி, அதோடு அவள் புடவைத் தலைப்பும் டயருக்கு அடியில் மாட்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு வெட்கமில்லை, அழுகை வந்தது, அழுதேன்.

ஷெட் முழுக்க ஓடி வந்தது. பக்கத்து பஸ் கண்டக்டரை நாலு பேர் திட்டினார்கள். முதலாளி வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். அவரும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். "எவனோ விசில் அடிச்சான். இவரு என்னம்மா பண்ணுவாரு? எந்த டிரைவரா இருந்தாலும் எடுத்திருப்பான்" என்றார். டாக்டரம்மாவிடம் நான் சொன்ன அதே நியாயம். கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. அக்கா மட்டும் அந்தச் சமாதானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தலைப்பு மாட்டியிருந்ததால் எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். மாமா அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் கீழ இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பழம் வச்சுக்கிட்டு இருந்த."

"தம்பி எடுக்காதீங்கன்னு சொன்னது?"

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏங்க எடுத்தீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், ஒளிக்க எதுவும் இல்லாத முகத்தோடு. "விசில் அடிச்சுது" என்றார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முதலாளி பக்கம் திரும்பினாள். வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். முதலாளி, பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டாம், பத்து நாள் போகட்டும் என்று இழுத்தார். வேண்டாம் என்றாள் அக்கா. குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. நான் மூன்று நாளாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் தவித்ததை அவள் தரையில் உட்கார்ந்தபடி சொல்லி முடித்தாள்.

மாமா இறங்கி வந்தார். விபத்துக்குப் பிறகு அவர் முகம் எதற்கும் மாறி நான் பார்த்ததில்லை. அன்று மாறியது. "அப்ப நான் இனிமே ஓட்டக் கூடாதா?" என்று கேட்டார்.

"கூடாதுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு அவர் கண் டயருக்கு அடியில் மாட்டியிருந்த தலைப்பில் போனது. குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். பட்டு கிழிகிற சத்தம் கேட்டது, அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸைப் பின்னால் நகர்த்தினால்தான் வரும் மாமா என்றேன், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அக்கா நகர்ந்து வந்து அவர் கைகள் இரண்டின் மேலும் தன் கையை வைத்தாள்.

"விடுங்க" என்றாள்.

விட்டுவிட்டார்.